பனையும் நம் படிப்பும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவுக்கென உழைத்து வரும் நாம், இன்று பனைமரத்தைப் பற்றிப் பேச முற்பட்டது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும் தாள் வருமுன் தமிழ் வாழ்ந்தது பனையோலையில் அன்றோ! இளசும் முற்றலும் அல்லாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தித் தேய்த்து வழவழப்பாக்கினர். எழுத்தாணியால் கீறிய எழுத்துத் தெளிவாகத் தெரிய, விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் பூசினர். ஓலையை வெட்டிப் பதப்படுத்தியவை உழைப்பாளிகளின் கைகள். அவ்வோலையைப் படிக்கும் உரிமையோ உழைத்தோர் பலர்க்கு மறுக்கப்பட்டது.

அம்மறுப்பையும் மீறிச் சுவடி காத்தோர் நம்மிடையே இருந்தனர். ஆங்கிலத் துரை ஒருவரிடம் பட்லராயிருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் அளித்தார் என அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) எழுதியுள்ளார். இதனை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

நம் இரவுப் பள்ளியில் பனையைப் பாடமாக்க முனைந்தபோது தாய் ஒருவர் எழுந்து, "ஓலை முடையும் வேலை எங்களோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்? மறுபடியும் அவள் கையில் ஓலையைக் கொடுக்கலாமா?" என்று வினவினார். நியாயமான வினா. குலத்தொழிலை மீண்டும் சுமத்த நாம் ஒருபோதும் உடன்படோம். அறிவு வேறு, அடிமைத்தனம் வேறு. பிந்தையதை ஒழிக்க முந்தையதை இழக்க வேண்டுவதில்லை என்று விடை கூறினோம். அத்தாயே மறுவாரம் கடகம் முடையும் முறையை வகுப்பில் விளக்கினார்.

கைநாட்டு என்று தம்மைத் தாழ்த்திக்கொண்ட முதியவர் ஒருவர் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார். பாளை விடும்வரை ஆண்பனை, பெண்பனை என்று பிரித்தறிய இயலாது என்றார். பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்றார். ஏன் என்று ஒரு சிறுமி கேட்டாள். பதநீர் புளித்துக் கள்ளாவதைச் சுண்ணாம்பு தடுக்கிறது என்று அறிவியல் பயின்ற மாணவன் விளக்கினான். அன்று கற்றவர் யார், கற்பித்தவர் யார் என்று பிரித்துக் கூற இயலவில்லை. முதியவர் சொன்னவற்றை மாணவர்கள் ஏட்டில் எழுதி, அவர் பெயரையும் அதன்கீழ்ப் பொறித்தனர். அதனை அவர் நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனை 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்தது. மரத்தைச் சட்டம் காக்கலாம். மரத்தைப் பற்றிய அறிவை நாமே காத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டன், பாட்டி அறிந்தவற்றைக் கேளுங்கள், எழுதுங்கள், அவர்தம் பெயரிட்டே எழுதுங்கள். ஏரிக்கரையில் ஒரு பனங்கொட்டையும் ஊன்றுங்கள். அது பலன் தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும். நம் கழகத்தை நிறுவியோரும் அவ்வாறு காத்திருந்தவர்களே.