கேட்சரின் விரல்கள்: நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் 1951 சீசன்



விளையாட்டு வரலாறு பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் அழைத்தார்கள். கிரிக்கெட் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேஸ்பால் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள், விதிப் புத்தகத்தை ஒப்பிக்க மாட்டேன். இரண்டு செய்தி தெரிந்தால் போதும். பந்து எறியும் பிட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய மட்டையாளருக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. அடுத்தது, எந்தப் பந்து வரவேண்டும் என்பதை மட்டையாளரின் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவே விரல் நீட்டிப் பிட்சருக்குக் காட்டுவார். வேகப்பந்தா, வளைபந்தா? அந்த விரல்களைப் பார்க்க முடிந்தால் மட்டையாளருக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. இன்றைய பேச்சே அந்த விரல்களைப் பற்றியதுதான்.

நியூயார்க் நகரில் அப்போது மூன்று பெரிய அணிகள். யாங்கீஸ் வேறு லீக். நேஷனல் லீகில் மன்ஹாட்டனின் ஜயன்ட்ஸும் புரூக்ளினின் டாட்ஜர்ஸும் தீராப் பகையாளிகள். 1951 சீசனை ஜயன்ட்ஸ் தொடங்கிய விதம் பரிதாபம்: முதல் 14 ஆட்டங்களில் 12 தோல்வி, அதில் 11 தொடர்ச்சியாக. மே மாத இறுதியில் மினியாபொலிஸிலிருந்து 20 வயதுப் பையன் ஒருவனை வரவழைத்தார்கள். முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை. அடுத்ததாக, வாரன் ஸ்பான் எறிந்த பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். வில்லி மேஸ் என்று பெயர். அவன் நடுக்களத்துக்கு வந்ததால், அங்கே நின்றிருந்த பாபி தாம்சனுக்கு இடம் போயிற்று. ஜூலையில் அவரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார்கள். கதை பின்னால் தாம்சனிடம்தான் வந்து சேரும்.

ஆகஸ்ட் 11 அன்று டாட்ஜர்ஸ் 13 ஆட்டங்கள் முன்னால். நம் ஊரில் சொல்வதுபோல, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரம். அப்புறம் ஜயன்ட்ஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றது. கடைசி 44 ஆட்டங்களில் 37 வெற்றி. டாட்ஜர்ஸ் ஒன்றும் படுத்துவிடவில்லை, கடைசி 48-இல் 26 வென்றார்கள். செப்டம்பர் 30 அன்று பிலடெல்பியாவில் 14-ஆவது இன்னிங்ஸில் ஜாக்கி ராபின்சன் அடித்த ஹோம் ரன்தான் அவர்களைக் காப்பாற்றியது. இரு அணிக்கும் 96 வெற்றி, 58 தோல்வி. மூன்று ஆட்டத் தீர்ப்புப் போட்டி. ஆளுக்கு ஒன்று வென்றார்கள்.

அக்டோபர் 3. ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸ். 34,320 பேர், பாதி அரங்கத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பின்னாளில் "நான் அங்கே இருந்தேன்" என்று சொன்னவர்களை எண்ணினால் ஆறேழு அரங்கம் நிரம்பியிருக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1. ஜயன்ட்ஸின் டார்க் ஒரு ஹிட், மியூலர் ஒரு ஹிட், இர்வின் அவுட், லாக்மேன் அடியில் ஒரு ரன். மூன்றாம் பேஸுக்குச் சறுக்கிய மியூலரின் கணுக்கால் பிசகியது; தூக்கிக்கொண்டு போனார்கள். களைத்துப்போன டாட்ஜர்ஸ் பிட்சர் நியூகோம்புக்குப் பதிலாக 13-ஆம் எண் சட்டை போட்ட ரால்ஃப் பிராங்கா வந்தார். எதிரே தாம்சன். இரண்டாவது பந்து, இடப்பக்கச் சுவரைத் தாண்டி விழுந்தது. ஒரே அடியில் மூன்று ரன், 5-4. வானொலியில் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் கொடியை, அதாவது லீக் பட்டத்தை, வென்றுவிட்டது என்ற ஒரே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் கத்தினார். ஒரு ரசிகர் வீட்டு டேப்பில் பதிந்து வைத்ததால் அந்தக் குரல் இன்றும் கிடைக்கிறது.

இவ்வளவும் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டி கதை. 2001 ஜனவரியில் ஜோஷுவா பிரேகர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதி, இந்தக் கதையின் மறுபக்கத்தை வெளியே கொண்டுவந்தார். போலோ கிரவுண்ட்ஸில் வீரர்களின் உடைமாற்றும் கட்டடம் நடுக்களத்தின் கோடியில், மட்டையாளருக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே ஜயன்ட்ஸ் மேலாளர் லியோ டியூரோச்சரின் அறை ஜன்னலில், 1951 ஜூலை 20 முதல், பயிற்சியாளர் ஹெர்மன் பிராங்க்ஸ் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். கேட்சரின் விரல் தெரியும். பொத்தானை அழுத்துவார், கம்பி வழியே, மாற்றுப் பிட்சர்கள் பயிற்சி செய்யும் புல்பென்னில் மணி அடிக்கும். அங்கே மாற்று கேட்சர் சால் யுவார்ஸ் பந்தைச் சும்மா தூக்கிப் போட்டுப் பிடிப்பார், அல்லது போடாமல் இருப்பார். மட்டையாளருக்கு அது போதும். கம்பி இழுத்துக் கொடுத்த மின் பணியாளர் டாட்ஜர்ஸ் ரசிகராம்! என்ன சொல்வது?

"அப்படியானால் எல்லாமே திருட்டு" என்று ஒரு கட்சி கிளம்பியது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஜயன்ட்ஸ் பிட்சர்கள் சால் மாக்லியும் லாரி ஜான்சனும் அந்த ஆண்டு ஆளுக்கு 23 ஆட்டம் வென்றார்கள். பிட்சருக்குத் தொலைநோக்கியால் என்ன பயன்? வெளியூர் ஆட்டங்களில் கம்பியும் இல்லை, மணியும் இல்லை. முதல் தீர்ப்பு ஆட்டம் புரூக்ளினில் நடந்தது, அங்கேயும் இதே பிராங்காவின் பந்தைத்தான் தாம்சன் ஹோம் ரன் அடித்தார். கருவி வைத்துச் சைகை பார்ப்பதை அன்றைய விதி தடுக்கவும் இல்லை.

ஆனால் விதி இல்லை என்பதால் அது நேர்மையாகிவிடாது. தப்பில்லை என்று அவர்களே நினைத்திருந்தால் ஐம்பது ஆண்டு எதற்காக மூடி வைத்தார்கள்? அந்தக் கடைசிப் பந்துக்குச் சைகை பெற்றீர்களா என்று தாம்சனைக் கேட்டபோது, பெரும்பாலும் இல்லை என்கிற மாதிரிதான் பதில் வந்தது. சைகைகள் கிடைத்து வந்ததை அவர் மறுக்கவில்லை.

பிராங்காவுக்கு இந்த ரகசியம் 1954-லேயே ஒரு சக வீரர் மூலம் தெரிந்துவிட்டது. தோற்றவன் சாக்குச் சொல்கிறான் என்று பெயர் வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. 1951-இல் அந்த ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் கட்டடத்தின் படிக்கட்டில் அவர் குப்புறக் கிடந்ததைப் படம் எடுத்திருக்கிறார்கள். தொலைநோக்கி இருந்ததும் அதே கட்டடம்தான். பிற்காலத்தில் தாம்சனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்த ஹோம் ரன் படங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த ரகசியத்தைத் தன்னோடு வைத்திருந்தார்.

1951-க்குத் திரும்புவோம். தாம்சன் ஹோம் ரன் அடித்த மறுநாள் யாங்கீஸ் அணியோடு உலகத் தொடர். மியூலரின் கணுக்கால் பிசகியிருந்ததால் ஹேங்க் தாம்ப்சன் வந்தார். இர்வின், மேஸ், தாம்ப்சன் மூவரும் கறுப்பினத்தவர். உலகத் தொடரில் புறக்களம் முழுக்கக் கறுப்பின வீரர்கள் நின்றது அதுவே முதல் முறை. பல வரலாறுகளில் அதற்கு ஒரு வரிதான். ஜயன்ட்ஸ் 4-2 என்று தொடரில் தோற்றது.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சை அச்சிடும்போது பிராங்காவின் பெயருக்கு அருகே 1951-ஐ மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். 1947-இல், தம் 21-ஆவது வயதில், அவர் 21 ஆட்டங்களை வென்றிருக்கிறார். அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.