சர்டிபிகேட் கொடுத்தாச்சு… வேலை எங்கே?

(வலையபட்டி இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத சொந்தங்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)

பெரியவங்க, அண்ணன்மார், தம்பி தங்கச்சிங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஒரு வருஷம் வீட்ல இருந்தவன். அப்ப ஒரு இலவசப் பயிற்சி மையத்துல சேர்ந்தேன். வாசல்ல ‘நூறு சதவீத வேலை உறுதி’ன்னு பேனர். மூணு மாசம் படிச்சோம். கடைசி நாள் ஆஃபர் லெட்டரைக் கையில கொடுத்து போட்டோ எடுத்தாங்க. வேலை வெளியூர்ல. ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சல. அஞ்சாவது வாரம் காரைக்குடி பஸ் ஏறிட்டேன். ஆனா என் போட்டோ மட்டும் அந்த மையத்து சுவத்துல ‘வேலை பெற்றவர்’னு ரொம்ப நாள் தொங்குச்சு!

சிரிக்கிறீங்க. இது என் ஒருத்தன் கதை இல்லைங்கிறதாலதான் இங்க பேசுறேன்.

இந்த மாதிரி மையங்கள்ல பலதையும் நடத்துறது தனியார் நிறுவனங்கள். பணம் கொடுக்கிறது அரசு, அதாவது நம்ம வரிப்பணம். உதாரணத்துக்கு, கிராமப்புற இளைஞர்களுக்காக 2014ல் வந்த தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா. நம்ம மாநிலத்துல ஊரக வாழ்வாதார இயக்கம் மூலமா நடக்குது. பயிற்சி பெற்றவங்கள்ல குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தரணும், மூணு மாசமாவது வேலையில் இருந்ததைக் காட்டணும், பணம் தவணை தவணையாத்தான் வரும். விதி நல்லாத்தான் இருக்கு. அதைச் சரிபார்க்கிறது யாரு? அதுதான் கேள்வி.

இன்னொரு திட்டம், 2015ல் தொடங்கின பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா. அதோட 2015 முதல் 2022 வரையிலான கணக்கை மத்திய தணிக்கைத் துறை ஆய்வு செஞ்சு, 2025 டிசம்பர்ல அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆய்வு செஞ்ச சுமார் 95.9 லட்சம் பேர்ல 94 சதவீதத்துக்கும் மேலானவங்களுக்கு வங்கிக் கணக்கு இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யம், இல்லேன்னா வெற்றிடம். குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கினவங்கள்ல வேலை கிடைச்சது சுமார் 41 சதவீதம் பேருக்கு. மீதிப் பேர் நம்ம மாதிரி டீக்கடை பெஞ்சுல.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். ஆஸ்திரேலியா 1998ல் வேலை தேடித் தரும் சேவையைத் தனியாருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தமா விட்டது. தலைக்கு இவ்வளவுன்னு காசு வந்தா என்ன நடக்கும்? சுலபமா வேலை கிடைக்கிற பையனை முன்னாடி நிறுத்துவாங்க. கைக்குழந்தையோட வர்ற அக்காவையும், மாற்றுத்திறனாளி அண்ணனையும் ஓரமா உட்கார வைப்பாங்க. முழுசா வெளியே விட்டது பலிக்கல, அரசு மறுபடி உள்ளே வரணும்னு 2023ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே சொல்லிடுச்சு.

எல்லா மையமும் ஏமாத்துதுன்னு நான் சொல்லல. நல்லா நடத்துறவங்களும் இருக்காங்க. நல்லதையும் கெட்டதையும் பிரிச்சுப் பார்க்க நமக்குத் தெரியணும். சேர்றதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் மூணு மாசம் தாண்டியும் வேலையில் இருக்காங்க?
2. வேலை எந்த ஊர்ல, எந்தக் கம்பெனியில?
3. பிடித்தம் போக கைக்கு வர்ற சம்பளம் எவ்வளவு? தங்குற செலவு யாருது?
4. வேலை ஒத்து வரலேன்னா மறுபடி உதவி உண்டா?

முடிஞ்சா பழைய பேட்ச் ஆள் ஒருத்தர்கிட்ட நேர்ல பேசுங்க. பதில் சொல்ல மழுப்பினா, தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபாய் கட்டணத்துல அந்தத் திட்டத்தை நடத்துற அரசு அலுவலகத்துக்கு மனு போடுங்க, 30 நாளைக்குள்ள பதில் வரணும். அடுத்த கிராமசபையில எந்திரிச்சு, ‘நம்ம ஊர்ல இருந்து போனவங்க இப்ப எங்க இருக்காங்க?’ன்னு கேளுங்க. மனு எழுதத் தெரியலேன்னா நாங்க உட்கார்ந்து எழுதித் தர்றோம். கட்சி பார்க்க மாட்டோம்.

நிறுவனத்துக்கு இது ஒரு எண்ணிக்கை. நமக்கு அது வயசு. போன மூணு மாசம் திரும்பி வராது.

கேளுங்க. கேட்டாத்தான் கணக்கு வரும்.

உங்க பயிற்சி மைய அனுபவம் என்ன? கமெண்ட்ல சொல்லுங்க.

#வேலை_எங்கே #வலையபட்டி