பிள்ளை நாள்தோறும் பள்ளிக்கு வர

தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பெற்றோர் பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற சட்டமோ 2003இல்தான் நடப்புக்கு வந்தது. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வந்துவிடாது.

நம் ஜெராம் வட்டாரத்து நிலைமை நமக்குத் தெரியாததல்ல. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறீர்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூத்தவள் வீட்டில் நின்றுவிடுகிறாள். (அது ஏன் எப்போதும் பெண்பிள்ளை?) கோயில் திருவிழாவுக்கு மறுநாள் வகுப்பில் பாதி இடம் காலி. செம்பனை உதிரிப் பழம் பொறுக்க மகனை அழைத்துப்போய், "ஒருநாள்தானே சார்" என்கிறீர்கள்.

அந்த ஒருநாளில்தான் வகுத்தல் கணக்கை ஆரம்பிக்கிறேன். மறுநாள் வருகிறவனுக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. பக்கத்துப் பையன் சிரிக்கிறான். மூன்றாம் நாள் காலையில் இவனுக்கு வயிற்றுவலி! அது வயிற்றுவலி இல்லீங்க, வெட்கம். நாலு நாள் போனால் பயமாக மாறிவிடும்.

அப்போது அடிக்காதீங்க. நேரமாகிவிட்டாலும் கையோடு கூட்டிக்கிட்டு வாங்க. சட்டை துவைக்கலையா, அதே சட்டையோடு அனுப்புங்க. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டுப் பாட்டியிடம் முதல்நாள் இரவே சொல்லி வையுங்க. விட்டுப்போன பாடத்தை ஓய்வு நேரத்தில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குப் பிள்ளை என் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.