கொட்டித் தீர்க்க ஒரு நோட்டு

(நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கையும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பேசி முடித்த பிறகு என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த இரண்டிலேயே பாதிப் பேர் களைத்துப் போயிருப்பீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சுண்டல் தயாராக இருக்கிறது என்று பின்னால் இருந்து சைகை வேறு வருகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பி பிளாக்கில் இருக்கிறேன். 34 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி ஏழு வருடம் கிளை மேலாளர். நான் மனநல மருத்துவரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. செயலாளர் என்னிடம், "வேலை டென்ஷனைச் சமாளிப்பது பற்றி ஏதாவது சொல்லுங்கள் மேடம்" என்றார். யோகா, மூச்சுப் பயிற்சி, காலை நடை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் செய்யாமல் இருப்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். அதனால் நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எழுதுவது. கதை, கவிதை இல்லை. அன்றைக்கு வேலையில் நம்மைப் படுத்தியதை ஒரு நோட்டில் எழுதுவது.

ஏன் இதைப் பேச நினைத்தேன் என்றால், மழைக்காலத்தில் இரவு எட்டரைக்கு மேல் நான் நம் பேஸ்மென்டில்தான் நடப்பேன். காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினையும் விளக்கையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம், கால் மணி நேரம் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். ஒருவர் இருவர் இல்லை. யாரென்று நான் பார்க்கவில்லை, வண்டி எண்ணும் கவனிக்கவில்லை, பயப்படாதீர்கள். மேலே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், வயதான அப்பா அம்மா காத்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் போய் நிற்பதற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு இடம் தேவைப்படுகிறது. பெண்கள் பலருக்கு அந்தக் கார் இருட்டும் கிடையாது. லேப்டாப்பை மூடினால் அடுத்த நிமிடம் குக்கர்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. மறுநாள் வங்கி மூடல். 10ஆம் தேதி காலை நான் கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டி மருந்துக்கடை வரைக்கும் நின்றது. புறநகர்க் கிளை அது. மொத்தம் ஒன்பது ஊழியர்கள். ஒருவருக்கு 4,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம் என்றார்கள், பிறகு 4,500 என்றார்கள், பிறகு 2,000 என்றார்கள். விரலில் மை வைக்கச் சொன்னார்கள். புது 2,000 ரூபாய் நோட்டு ஏடிஎம் தட்டில் பொருந்தவில்லை. அதற்கு ஆள் வந்து இயந்திரத்தை மாற்றியமைக்க வேண்டும். விதிகளை நாங்கள் தெரிந்துகொள்வதற்குள் வாடிக்கையாளர் டிவியில் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வார்.

அதில் பட்ட திட்டுகளைச் சொல்லி மாளாது. மேலிடத்திலிருந்து மணிக்கொரு போன். எங்கள் கேஷியர் 57 வயது மனிதர், மாலையில் டீ டம்ளரைப் பிடிக்கும்போது அவர் கை நடுங்கும். வீட்டுக்கு வந்தால் என் மாமியார் "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அதற்கே எனக்கு அழுகை வரும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் வந்ததுதான், பிறகு தூக்கம் கிடையாது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் எழுதியது முழுக்க வசவுதான். இங்கே படிக்க முடியாது, குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மூன்றாம் நாள் ஒரு பெரியவரைப் பற்றி எழுதினேன். கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர். கல்யாணத்துக்கு இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்கான நிபந்தனைகள் முழுசாக வந்து சேரவில்லை. அவர் என் மேஜையைத் தட்டி, கிளையே அதிரும்படி கத்தினார். அதை எழுதிக்கொண்டே வரும்போது, "அவர் கத்தினார், ஏனென்றால் ஒரு வாரத்தில் கல்யாணம், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கக் கையில் காசில்லை" என்று ஒரு வரி வந்து விழுந்தது. உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது. அவர் முகம்தான் வந்து நின்றிருக்கும்.

அதே நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. நாலைந்து நாள் எழுதியதைப் புரட்டினால், சண்டை எல்லாம் பதினொன்று, பதினொன்றரை மணிவாக்கில்தான் வெடித்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு வந்து நின்றவரிடம் அந்த நேரத்துக்குத்தான் "பணம் தீர்ந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறோம். மறுநாளிலிருந்து ஒன்பதரைக்கே வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம்: இன்று கையிருப்பு இவ்வளவு, இத்தனை பேருக்குப் போதும், மற்றவர்கள் நாளைக்கு இந்த டோக்கனோடு வரலாம். கூட்டம் குறையவில்லை, கோபமும் தீரவில்லை. ஆனால் கத்தல் பாதியாகக் குறைந்தது. கேஷியர் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

என் ஒருத்தியின் கதையை வைத்து எல்லோருக்கும் வைத்தியம் சொல்லக்கூடாது. அதனால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் டெக்சாஸில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண விஷயங்கள், சிலருக்கு மனதை மிகவும் பாதித்த நிகழ்ச்சி. பாதித்ததைப் பற்றி, நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைவு. பிறகு அவருடைய குழு, வேலை பறிபோன நடுத்தர வயது பொறியாளர்களிடம் இதைச் செய்து பார்த்து 1994இல் வெளியிட்டது. நம்மில் பலருக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம் என்பதால் சொல்கிறேன். வேலை போனதைப் பற்றி மனம்விட்டு எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் அதிக இடங்களில் விண்ணப்பித்தார்கள் என்றெல்லாம் இல்லை. பழைய கம்பெனி மேல் இருந்த ஆத்திரத்தை நேர்காணல் அறைக்குள் சுமந்துகொண்டு போகவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

எழுதியவர்களின் வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே புலம்பலாக எழுதியவர்களுக்கு அதிகப் பயன் இல்லை. போகப் போக "ஏனென்றால்", "அதனால்", "இப்போது புரிகிறது" மாதிரி வார்த்தைகள் கூடியவர்களுக்குத்தான் பயன். அதைப் படித்தபோது கல்யாணப் பத்திரிகைப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

இதை மந்திரம் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2006இல் கணக்குப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்றே வந்தது. 40 ரூபாய் நோட்டுக்கும் கால் மணி நேரத்துக்கும் சிறிய பயன் கிடைத்தால் ஒரு வங்கிக்காரிக்கு அது நல்ல கணக்குதான்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் இதைச் செய்திருக்கிறார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736இல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதை நாம் வரலாற்று ஆவணமாகத்தான் பார்க்கிறோம், சரிதான். ஆனால் வேலைக்குப் போகிறவர் கண்ணோடு படித்துப் பாருங்கள். துரை இன்று என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன், யார் என்னைப் பற்றி அவரிடம் கோள் சொன்னார்கள், துரையின் மனைவி எனக்கு எதிராக என்ன செய்கிறார். பக்கம் பக்கமாக அதுதான். மேலதிகாரியின் மனநிலை ஊர் தலைவிதியையே மாற்றும் இடத்தில் வேலை பார்த்த மனிதர் அவர். யாரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பார்? நமக்காவது அப்ரைசல் வருடத்துக்கு ஒருமுறை.

சரி, எப்படி எழுதுவது. தொடர்ந்து நான்கு நாள், கால் மணி நேரம். அவ்வளவு போதும், ஆயுள் முழுக்க டைரி எழுதத் தேவையில்லை. உங்களுக்கு வாயில் வரும் மொழியில் எழுதுங்கள். ஆபீஸில் நடந்தது பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்றால் அப்படியே எழுதுங்கள். எழுத்துப்பிழையை யாரும் திருத்தப் போவதில்லை. "மேனேஜர் மோசம்" என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும். "மூன்று மணி மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கேட்டார், எனக்குக் காது சூடாகிவிட்டது" என்று எழுதினால் அடுத்த வரி தானாக வரும். எழுதி முடித்ததும் மனம் பஞ்சாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். நல்லது பிறகு வருகிறது. எழுத எழுதத் தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள். அதில் வீம்பு வேண்டாம்.

படுக்கப் போகும் நேரத்தில் ஆத்திரத்தை எழுதாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த நேரத்துக்கு வேறு ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஸ்கல்லின் என்பவரின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு. 57 இளைஞர்களைத் தூங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை, மீதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "ரிப்போர்ட் முடிக்கணும்" என்று எழுதாமல் "காலை பத்துக்குள் இரண்டாம் பகுதியின் கணக்கைச் சரிபார்த்து அனுப்பணும்" என்று எழுதினால், மனசு அதைத் தலையில் வைத்துக்கொண்டு புரள வேண்டியதில்லை.

அலுவலக லேப்டாப்பில் எழுதாதீர்கள், அது உங்கள் பொருள் இல்லை. மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் போலிருந்தால் தாராளமாக எழுதுங்கள், காகிதத்தில். மெயிலில் எழுதினால் விரல் தவறி அனுப்பு பொத்தானில் பட்டுவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், செயலாளர் கோபிக்கக் கூடாது: நம் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினோரு மணிக்குப் பார்க்கிங் பற்றியும் நாய் குரைப்பது பற்றியும் வருகிற நீளமான செய்திகளில் பாதி, அன்றைக்கு ஆபீஸில் சொல்ல முடியாமல் போனதுதான் என்று எனக்குத் தோன்றும். அதுவும் எழுத்துதான். ஆனால் 212 வீட்டுக்கும் போய்விடுகிறது.

எழுத்தால் தீராதவையும் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலையை நோட்டுப் புத்தகம் எட்டு மணி நேரமாக்காது. சம்பளம் தராத முதலாளியிடம் நோட்டை நீட்ட முடியாது. அதற்குச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், நோட்டை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை மூன்று பிளாக்கின் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

சி பிளாக் தம்பி ஒருவர் உள்ளே வரும்போதே என்னைப் பிடித்து, "ஆன்ட்டி, எழுதியதை வீட்டில் யாராவது படித்துவிட்டால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிழித்துப் போடுங்கள். எழுதிய காகிதத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நான்கு நாள் எழுதி, ஐந்தாம் நாள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, சுக்குநூறாகக் கிழித்து உலர் குப்பையில் போடலாம். ஈரக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள், பிரித்துத் தரச் சொல்லி மறுபடி ஒரு சுற்றறிக்கை வரும்.