கேட்காதவரைப் பிடிப்பது யார்?

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் எல்லை தரையோடு முடிவதில்லை. தலைக்கு மேலுள்ள வானமும் அந்நாட்டுக்கே உரியது. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் முதல் விதியே இதுதான். அதன் 35-வது விதி, போர்த் தளவாடம் ஏற்றிய சிவில் விமானம் ஒரு நாட்டின் மீது பறக்க வேண்டுமானால் அந்நாட்டின் அனுமதி வேண்டும் என்கிறது.

அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு. போக்குவரத்து அமைச்சரின் விலக்கு இல்லாமல் சிவில் விமானத்தில் ஆயுதம் கொண்டு செல்லக் கூடாது என்று 1973-லேயே ஆணை பிறப்பித்த நாடு. அமெரிக்கப் படையினரை ஏற்றி ஷானன் விமான நிலையத்தில் இறங்கும் வாடகை விமானங்கள், வீரர்களின் துப்பாக்கிகளுக்காக இந்த அனுமதியைப் பல ஆண்டுகளாக வாங்கி வந்திருக்கின்றன. கேட்டவருக்குக் கொடுத்தார்கள். கேட்காமல் போகிறவரைப் பிடிப்பது யார்?

காஸா மீது குண்டுமழை பொழிந்த 2024-ல், இஸ்ரேலுக்குத் தளவாடம் சுமந்த சரக்கு விமானங்கள் அயர்லாந்து வான்வழியே பறந்ததாக அந்நாட்டின் 'தி டிட்ச்' இணைய இதழ் செய்தி வெளியிட்டது. அப்படியோர் அனுமதியை யாரும் கேட்கவுமில்லை, தாங்கள் கொடுக்கவுமில்லை என்பதே அரசுத் தரப்பின் பதில். அதே ஆண்டு மே மாதம் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்த அரசு அது!

வணிகப் பெருமக்களே, இந்தப் பதிலை உங்கள் தொழிலோடு உரசிப் பாருங்கள். வழியில் லாரியை மறிக்கும் வரி அதிகாரியிடம், "பில் போடவில்லை, ஆகவே சரக்கும் இல்லை" என்று சொன்னால் விடுவாரா? தார்ப்பாயைப் பிரித்துப் பார்ப்பார் அல்லவா?

விமானத்தைப் பார்க்க வழியில்லை என்பதும் சரியல்ல. சரக்குப் பட்டியல் விமானத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது சிகாகோ ஒப்பந்தத்தின் 29-வது விதி. தரையிறங்கும் வேற்று நாட்டு விமானத்தைச் சோதிக்கும் உரிமையைத் தருகிறது 16-வது விதி. இறங்காமல் கடந்து போகும் விமானத்திடமும் நுழையுமுன் பட்டியலைக் கேட்கலாமே!

மனமிருந்தால் மறுக்கவும் முடியும். சென்னையிலிருந்து இஸ்ரேலுக்கு வெடிபொருள் ஏற்றிச் சென்ற 'மரியான் டானிகா' கப்பல், 2024 மே மாதம் ஸ்பெயின் துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு சரக்கு என்னவென்று பார்த்தது, மறுத்தது. கடலில் முடிந்தது வானில் முடியாதா?

இளைஞர்களே! ஆத்திரப்பட்டு முழங்குவது எளிது. சட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்பதுதான் பலன் தரும். சிகாகோ ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. நம் வானைக் கடக்கும் சரக்கு விமானங்களின் பட்டியலைப் பார்ப்பது யார், எத்தனை முறை பார்த்தார்கள், எத்தனை அனுமதி கொடுத்தார்கள், எதை மறுத்தார்கள்? உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். அவையில் இதைக் கேட்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காதவரை அனுமதிச் சட்டம் வெறும் காகிதமே!