கரண்ட் பில்லும் நம்ம குழுக் கணக்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கரண்ட் மிச்சம் பிடிக்கிற ஃபேன் வாங்க உள்கடன் கொடுக்கலாமா என்று சில குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அரசு இந்த வேலையை எப்படிச் செய்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

2001-ல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் வந்தது. அதன்படி 2002-ல் ஒரு மத்திய அமைப்பு தொடங்கப்பட்டது. ஃபிரிட்ஜிலும் ஃபேனிலும் நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் பார்க்கிறோமே, அந்த அமைப்பு கொடுப்பதுதான் அது. நட்சத்திரம் கூடக் கூட கரண்ட் செலவு குறையும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் இந்த ஸ்டிக்கர் கட்டாயம்.

அடுத்தது, 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டம். 2014-ல் ஒரு எல்.இ.டி. பல்பை அரசு நிறுவனம் 310 ரூபாய்க்கு வாங்கியது. 2016-ல் அதே மாதிரி பல்பு 38 ரூபாய்க்குக் கிடைத்தது. எப்படி? கோடிக்கணக்கான பல்புகளை ஒரே டெண்டரில் கேட்டார்கள். கம்பெனிகள் போட்டி போட்டு விலையை இறக்கின. சில மாநிலங்களில் மக்கள் முதலில் 10 ரூபாய் கொடுத்தார்கள், மீதியைக் கரண்ட் பில்லோடு மாதம் 10 ரூபாயாகக் கட்டினார்கள். இப்படி நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன.

2021-ல் பீகார் மாநிலம் ஆராவில் கிராம உஜாலா என்று இன்னொரு திட்டம் தொடங்கியது. எரிகிற குண்டு பல்பைக் கொடுத்தால் 10 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு. மீதிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கரண்ட் செலவு குறைந்தால் நிலக்கரிப் புகை குறைகிறது. அந்தக் குறைவைக் கணக்கெடுத்து 'கார்பன் கிரெடிட்' என்று விற்பது, அந்தப் பணத்தில் ஈடுகட்டுவது என்பதுதான் ஏற்பாடு.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, சேர்ந்து வாங்கினால் விலை இறங்கும். இரண்டு, மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகப் போட முடியாதவர்களுக்குத் தவணை வேண்டும். யோசித்துப் பாருங்க, இந்த இரண்டும் நம்ம குழுக்களுக்குப் புதிதா?

இப்போது நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. போடுகிறோம். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் மிச்சம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 160 ரூபாய், வருஷத்துக்கு 960 ரூபாய்.

ஃபேன் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் குழுக்கடன் வாங்கி 12 மாதத்தில் அடைத்தால் வட்டி 195 ரூபாய். ஆக மொத்தம் 3,195. இந்தப் பணம் திரும்பி வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடன் வாங்க வேண்டாம். பழையது பழுதாகி எப்படியும் புதிது வாங்க வேண்டும் என்கிறபோது பி.எல்.டி.சி. வாங்குங்கள். சாதாரண ஃபேன் 1,500 என்றால், கூடுதலாகப் போடுகிற 1,500 ரூபாய் ஒன்றரை வருஷம் கழிந்ததும் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீட்டில் இலவச அளவுக்குள்தான் ஓடுகிறது என்றால், ஃபேன் மாற்றினாலும் உங்கள் கைக்கு ஒரு ரூபாய் கூட வராது. மிச்சம் அரசுக்குத்தான். அப்படிப்பட்ட உறுப்பினருக்கு இதற்காகக் கடன் கொடுப்பது அவர் தலையில் சுமை ஏற்றுவதுதான். அதனால் கடன் மனு வந்தால் கடைசி மூன்று பில்லைக் கேளுங்கள். ஈ.பி. அட்டையோ, போனுக்கு வந்த மெசேஜோ எதுவானாலும் சரி. எத்தனை யூனிட், எந்த விலை என்று குழுவில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டு முடிவு எடுங்கள்.

பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று சின்னப் பெட்டி விற்றுக்கொண்டு வருகிறவர்களிடம் ஏமாற வேண்டாம். வீட்டு மீட்டர் கணக்கெடுக்கிற யூனிட்டை அந்தப் பெட்டி குறைக்காது.

கடைசியாக ஊர்க் கணக்கு. தெருவிளக்கு பில்லை ஊராட்சிதான் கட்டுகிறது. அது நம்ம வரியும் நமக்கு வந்த மானியமும். 40 வாட் ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு விளக்குக்கு வருஷம் 131 யூனிட் மிச்சம். 100 விளக்குக்கு 13,000 யூனிட்டுக்கு மேல். அந்தப் பணம் குடிதண்ணீர்க் குழாய்க்கு ஆகும், வாய்க்கால் தூர் வார ஆகும். முதல் போட ஊராட்சியிடம் பணம் இல்லை என்றால், கம்பெனி விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சமாகும் தொகையிலிருந்து தவணையாக எடுத்துக்கொள்ளும் முறையும் நாட்டில் நடைமுறையில் உண்டு.

உங்கள் ஊரில் எத்தனை விளக்கு, அதில் எத்தனை ட்யூப் லைட், வருஷ பில் எவ்வளவு என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். தனியாக ஒரு பெண் எழுந்து கேட்டால் உட்காரச் சொல்வார்கள். ஐந்து குழு சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு விவரம் கொண்டு வர வேண்டும்: இன்னும் குண்டு பல்பு எரிகிற வீடுகள் எத்தனை, இந்த வருஷம் புது ஃபேன் வாங்க வேண்டிய வீடுகள் எத்தனை. எல்லாக் குழுவும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டு, மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்போம். ஒருத்தியாகப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. முந்நூறு பேருக்குச் சேர்த்துக் கேட்டால் அவரே இறங்கி வந்து பேசுவார்.