வரிப் பாக்கி தானாகக் காலாவதி ஆகுமா?



"பழைய வரிப் பாக்கிதானே, நாலைந்து வருடம் போனால் தானாக அழிந்துவிடும்" என்று கடைவீதியில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

வருமான வரித்துறைக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்துபோன கணக்கை மீண்டும் திறப்பதற்கான கெடு. 2024 செப்டம்பர் 1 முதல், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதத்துக்குள் அதற்கான நோட்டீஸ் வர வேண்டும். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம்.

வரி இவ்வளவு என்று முடிவாகி டிமாண்ட் நோட்டீஸ் வந்துவிட்டால், 30 நாளில் கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். பின்னால் வரவேண்டிய ரீஃபண்டிலும் கழித்துக்கொள்வார்கள். 1962 வரை பின்னோக்கிப் போகும் பாக்கிகள்கூட ஏட்டில் நிற்பதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் சொன்னார். 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள பாக்கிகளை விட்டுவிடுவதாக அறிவித்தார். அரசாக மனமுவந்து விட்டதால்தான் அவை நீங்கின.

காலக்கெடு நமக்குத்தான் நெருக்கடி. மேல்முறையீட்டுக்கு 30 நாள். கணக்கில் வெளிப்படையான பிழை இருந்தால், உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுக்குள் திருத்தம் கேட்கலாம். ஏற்கெனவே கட்டிய பணம் பாக்கியாகக் காட்டினால், சலான் விவரத்தோடு வரித்துறை இணையதளத்திலேயே மறுப்புத் தெரிவிக்கலாம். ஆகவே பழைய சலான்களைப் பத்திரப்படுத்துங்கள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. வாப்பா மவ்த்தாகிவிட்டால் அவர் பெயரிலுள்ள வரிப் பாக்கி வாரிசுகளிடம் வரும். அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரை மட்டும். மய்யித்தின் கடனை அடைத்த பிறகே பங்கு பிரிக்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டமும்கூட. ஆகவே பாகப்பிரிவினைக்கு உட்காரும் முன், வாரிசாகப் பதிவு செய்துகொண்டு, அவருடைய பான் எண்ணில் பாக்கி உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பங்கு பிரித்த பிறகு நோட்டீஸ் வந்தால், உடன்பிறந்தாருக்குள் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.